பத்திரத்தில் இல்லாத பெயர்

"பத்திரத்த மொதப் பக்கத்துல இருந்து படிக்காதடே. எழுதினவன் என்ன சொல்ல நெனச்சானோ அதுதான் அங்க இருக்கும். கடேசிப் பக்கத்துல இருந்து படி."

1989-இல் தென்காசியில் ஓர் ஆவண எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த அண்ணாச்சி எனக்குச் சொன்னது இது. அப்போது எனக்கு 19 வயது. முத்திரைத்தாளில் கையால் பத்திரம் எழுதிய காலம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அடித்தல் திருத்தல் இருந்தால் அதைக் கடைசியில் குறிப்பிட்டு, எழுதிக்கொடுப்பவரிடம் அதற்கும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு திருத்தத்துக்கு மேல் வந்துவிட்டால் அண்ணாச்சி பேச மாட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும்? கையெழுத்துகளும் சாட்சிகளும். யார் விற்றிருக்கிறார்கள், யார் சாட்சி போட்டிருக்கிறார்கள், சாட்சிக்கும் விற்றவருக்கும் என்ன உறவு என்று முதலில் பார்க்கச் சொல்வார். பெண் மக்களை உட்காரவைத்து, "நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று சாட்சியாகப் போடவைத்த பத்திரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாங்குபவர் நிம்மதியாக இருப்பார், மகள்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று. சாட்சிக் கையெழுத்து போட்டதனாலேயே ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. எழுதிக்கொடுத்தவர் கையெழுத்திட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்பதற்கு மேல் சாட்சிக் கையெழுத்துக்குப் பொருள் கிடையாது. அண்ணாச்சி இதைச் சட்டப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. "போட்டவுகள எண்ணு. பெறவு போடாதவுகள எண்ணு" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். பிறகு மதுரைச் சட்டக் கல்லூரியில் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, தென்காசி நீதிமன்றத்தில் தொழிலுக்கு வந்து, அச்சன்புதூர் வீட்டுத் திண்ணை அறையில் மாலை நேரம் பத்திரம் பார்க்க உட்கார்ந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த ஒரு பாடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் லண்டனிலிருந்து ஒரு தம்பி பேசினார். அப்பா எங்கள் ஊர்க்காரர். அம்மாவுக்கு வயதாகிறது, ஊரில் தோப்போடு ஓர் இடம் வாங்கி வீடு கட்டவேண்டும் என்று ஆசை. "அண்ணாச்சி, இங்க வீடு வாங்கணும்னா கன்வேயன்சிங் சொலிசிட்டர்னு ஒருத்தர் இருப்பாரு. எல்லாத்தையும் அவரே பாத்துருவாரு. நம்ம ஊர்ல அந்த வேலைய யாரு பாக்குதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் ஊரில் அந்த ஒரு வேலை ஐந்தாறு பேரிடம் சிதறிக் கிடக்கிறது. புரோக்கர் இடம் காட்டுவார். ஆவண எழுத்தர் பத்திரம் எழுதுவார். அவருக்கு அரசு உரிமம் உண்டு, அதற்கென்று 1982-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. சார்பதிவாளர் பதிவு செய்வார். கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் பட்டாவைப் பார்ப்பார்கள். கடன் வாங்கினால் வங்கியின் பேனல் வக்கீல் ஒருவர் வருவார். இத்தனை பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகவே செய்தாலும், இந்த இடத்தை விற்க இவருக்கு உரிமை இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் விதிக்கப்படவில்லை. வாங்குகிறவர் தனக்காக ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்தால்தான் அந்தக் கேள்வி எழும்.

லண்டன் தம்பிக்கு நான் விளக்கிய இன்னொன்று, பதிவு வேறு, உரிமை வேறு என்பது. இங்கிலாந்தில் நிலப் பதிவகத்தில் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசே பொறுப்பு. பதிவேட்டில் பிழை இருந்து ஒருவருக்கு நட்டம் வந்தால் ஈடு கொடுப்பார்கள். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையும் இதைப் போன்றதுதான். நம்முடைய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தை, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்குச் சொந்தமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று நம் மாநிலத்தில் 55-ஏ என்று ஒரு விதி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்பதுதான் காரணம். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் கவலைப்பட்டேன். சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் "ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே ஏத்துக்கிட்டாங்களே" என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்.

அதே போல ஒரு நம்பிக்கை வில்லங்கச் சான்று மேல். "30 வருசத்துக்கு ஈ.சி. போட்டாச்சு சார், சுத்தமா இருக்கு" என்று தாளை நீட்டுவார்கள். இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம்; பெரிய வசதி. வில்லங்கத்தில் வருவது பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் ஏறிய ஆவணங்கள். உயில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். பழைய பொதுப் பவர் பத்திரங்கள் பலவும் 4-ஆம் புத்தகத்தில். அவை வில்லங்கத்தில் வராது. அந்தப் பவரை ரத்து செய்திருந்தாலும் வராமல் போகலாம். நீதிமன்றத்தில் அந்த இடத்தின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அதுவும் வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு வில்லங்கத்தில் வராது. ஒருவர் இறந்த அந்த நொடியில் அவர் சொத்து நான்கு பேருக்கோ ஐந்து பேருக்கோ போய்விடுகிறது. எந்தப் பதிவேட்டிலும் அன்று ஒரு வரிகூட ஏறுவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

1999. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் எட்டு செண்டில் ஓட்டு வீடு ஒன்றை வாங்க வந்தார். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம். மனைவியும் இரண்டு மகன்களும் விற்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள். வீட்டுக்காரர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிரயப் பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, வீட்டுத் தீர்வை ரசீது இருந்தது, வில்லங்கம் சுத்தமாக இருந்தது. 'வாங்கலாம்' என்று கருத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒரு தடவை காட்டியிருப்பேன்.

நான்கு வருடம் கழித்துப் புனலூரிலிருந்து ஓர் அம்மா பாக வழக்குப் போட்டார். வீட்டுக்காரரின் மூத்த மகள். சின்ன வயதிலேயே மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தது. வாரிசுச் சான்று வாங்கும்போது தம்பிகள் அவர் பெயரைச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நான்கில் ஒரு பங்கு அவருடையது. வாரிசுச் சான்றிதழ் ஒரு நிர்வாகச் சான்று. அதில் பெயர் விட்டுப்போனதால் யாருடைய பங்கும் போய்விடுவதில்லை. சட்டம் எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியபோது, இதில் யார் இல்லை என்று நான் கேட்கவில்லை.

ஆசிரியர் தன் பென்ஷன் பணத்திலிருந்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துச் சமாதானமாக முடித்தார். மகன்களிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. நான் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவர் இழந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

வழக்கு முடிந்த பிறகு அந்தத் தெருவுக்குப் போனேன். முக்கில் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "மூத்த பிள்ள புனலூர்லல்லா இருக்கு. அது கல்யாணத்துக்கு நாங்கதான் பால் ஊத்தினோம்" என்றார். ஒரு டீ குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் பத்திரம் பார்க்கிற ஒவ்வொரு இடத்துக்கும் போகிறேன். நிலத்தைப் பார்க்கிறேன், தெருவில் டீ குடிக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிறேன். "அவுகளுக்கு மொத்தம் எத்தன பிள்ளைங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. இரண்டாவது, "எல்லாரும் நல்லாருக்காகளா?" இறந்த மகனின் மனைவி மக்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வெளியே வருவார்கள். உள்ளூர் வக்கீலைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம். சட்டம் சென்னையிலும் ஒன்றுதான், மதுரையிலும் ஒன்றுதான். யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது உள்ளூரில்தான் தெரியும்.

பெண் மக்கள் விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வார்த்தை உண்டு: "சீர் செஞ்சாச்சு." நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி பங்கு இல்லை என்று பொருள். கல்யாணத்துக்குப் போட்ட நகை வேறு, சொத்தில் இருக்கும் உரிமை வேறு. விட்டுக்கொடுக்க வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாமலிருந்த பெண்களுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர்களுக்கும் அதைக் கொடுத்தது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருடம் குழப்பம் இருந்து, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளும் விற்பனைகளும் மட்டும் தப்பும். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரம் கைக்கு வந்தால் நான் முதலில் தேதியைப் பார்ப்பேன், அடுத்து மகள்களைத் தேடுவேன். மைனர் இருந்தால் கேட்கவே வேண்டாம். கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ விற்ற மைனர் சொத்தை, அந்தப் பிள்ளை வயதுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம்.

எங்கள் ஊரிலும் வடகரை, பண்பொழி, கடையநல்லூர்ப் பக்கமும் இசுலாமியக் குடும்பங்கள் நிறைய. அங்கே கணக்கு வேறு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. வாப்பா இறந்து பங்கு வைக்காமல் விட்டு, அடுத்துப் பெரிய மகன் இறந்து, அப்புறம் உம்மாவும் இறந்துபோனால், ஒரே வீட்டில் 20, 25 பங்குதாரர்கள் நிற்பார்கள். அதில் பாதிப் பேர் துபாயிலும் ரியாத்திலும். வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபாவும் செல்லும். கொடுத்ததற்கு அடையாளமாக அனுபவம் கைமாறியிருக்க வேண்டும். எழுத்து இல்லாத அந்தக் கொடை எந்த அலுவலகத்திலும் இருக்காது. ஜமாஅத்தில் விசாரித்தால் சொல்வார்கள். பதிவேட்டில் இல்லாத எத்தனையோ உண்மைகளை எனக்குச் சொல்லி, பல பேருடைய பணத்தைக் காப்பாற்றிய பெரியவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் பவரில் ஒரு சங்கதி. தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பியது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பலர் பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே செத்துவிடும். அதனால்தான் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்கிறார்கள். நான் சான்றோடு நிற்பதில்லை. வீடியோ அழைப்பில் அவரிடமே பேசிவிடுவேன். பவர் பத்திரத்தையே கிரயமாக நினைத்துப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பவரால் சொத்து கைமாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிய வேண்டும் என்று 2012 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. கைச்சீட்டில் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை.

பழைய பத்திரம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்துத் தாய்ப்பத்திரங்களில் ஆண்டு கொல்லத்தில் இருக்கும். கொல்லம் 1115 என்றால் 1939-40. இதைத் தெரியாமல் ஒரு வெளியூர் வக்கீல், '1115-ஆம் நம்பர் பத்திரம்' என்று கருத்தில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அளவு செண்டில் இருக்காது; கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும். எல்லைகளில் மனிதர்கள் இருப்பார்கள்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு. அந்த இன்னார்களின் பேரன் யார் என்று கண்டுபிடித்தால்தான் நிலம் எங்கே என்று தெரியும்.

பட்டாவை வைத்தே எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில், யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்வது, வீட்டில் இருந்த அண்ணன் பெயரில் மொத்தப் பட்டாவும் ஏறி, வெளியூரில் இருந்த தம்பி தங்கைகள் காணாமல் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் இப்போதைய பட்டாவோடு யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேளுங்கள். பட்டா வரி வசூலுக்கான கணக்கு. கிரயப் பத்திரத்தோடு அது ஒத்துப்போனால் பலம். தனியாக நின்றால் போதாது. கோவில் நிலம் என்றால் அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றது செல்லவே செல்லாது. தென்காசி விசுவநாதர், இலஞ்சிக் குமாரர், பண்பொழித் திருமலை முருகன் என்று பெரிய கோவில்கள் சுற்றி இருக்கிற பூமி இது. பஞ்சமி நிலத்தையும் விசாரியுங்கள். அது பட்டியலின மக்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கிய நிலம். அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டதை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

ஆனி, ஆடியில் சாரல் விழும்போது குற்றாலத்துக்கு வருபவர்கள் அப்படியே மனை பார்க்க இறங்குவார்கள். மேற்கே மலை, முகத்தில் தூறல், வயல் பச்சை. யாருக்கும் ஆசை வரும். அன்றே அட்வான்ஸ் கொடுப்பார்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று. குளம் பெருகும்போது எந்த மனை தண்ணீருக்குள் நிற்கிறது என்று தெரியும். நஞ்சையை மனையாக்கியிருந்தால் அனுமதி உத்தரவைப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதன் பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான் வழி உண்டு. மலையடிவாரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? விற்கிறவர் கூட்டிக்கொண்டு வரும் வக்கீல் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கட்சிக்காரர் நீங்கள் இல்லை. சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள், ஆகவே முதல் நாளே நேராகக் கேட்டுவிடுங்கள்: "விற்கிறவுகளுக்கு நீங்க ஏதாவது வேலை பாக்குதீகளா?" மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். என்னிடம் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன். வங்கி லோன் கொடுத்துவிட்டது என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். பேனல் வக்கீல் எழுதுவது வங்கிக்கு. கடன் 20 லட்சம், இடத்தின் விலை 40 லட்சம் என்றால், உங்கள் 20 லட்சத்தைப் பற்றி வங்கிக்குக் கவலை இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கருத்தை வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பத்திரத்தை அசலாகப் பார்த்தார், எதை நகலாகப் பார்த்தார், எது கிடைக்கவில்லை என்று அதில் இருக்க வேண்டும். அசல் இல்லை என்றால் அது எங்கோ அடமானத்தில் இருக்கலாம். ஒரே மாலையில் 'எல்லாம் கிளியர்' என்று சொல்கிறவரைவிட, 'இந்த 1974 பத்திரத்துல கையெழுத்துப் போட்டவர் அன்னிக்கு உசுரோட இருந்தாரா?' என்று கேட்டு உங்களைப் பத்து நாள் அலையவைக்கிறவரிடம் போங்கள். வாங்காதீர்கள் என்று சொன்னாலும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பதிவு முடிந்தால்தான் பணம் என்று ஒத்துக்கொள்ளும் வக்கீலுக்கு, பதிவு நடந்தே ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். நான் இரண்டுக்கும் ஒரே தொகைதான் வாங்குகிறேன்.

மதிப்பைக் குறைத்து எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். வலிக்கத்தான் செய்யும். ஆனால் நாளைக்கு உரிமை இல்லை என்று ஆகிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால், பத்திரத்தில் எழுதிய தொகைதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். மீதியைக் கொடுத்தேன் என்று எதைக் காட்டுவீர்கள்? 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்த வகையில் மிச்சம் பிடியுங்கள்.

லண்டன் தம்பிக்குக் கடைசியில் ஒரு தோப்பு அமைந்தது. விற்பவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். பட்டாவில் அவர்கள் அப்பா பெயர் மட்டும். டீக்கடையில் விசாரித்ததில் அப்பாவுக்கு ஒரு தங்கை இருப்பது தெரிந்தது. ராஜபாளையத்தில், 80 வயதுக்கு மேல். யு.டி.ஆரில் விட்டுப்போன பெயர். தாத்தா வாங்கிய நிலம், உயில் இல்லை, ஆகவே அவருக்குப் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவரே கார் எடுத்துக்கொண்டு போய் அத்தையைக் கூட்டிவந்தார். அவருக்குச் சேரவேண்டிய தொகை அவர் வங்கிக் கணக்குக்குப் போவதாகப் பேசி, நான்காவது எழுதிக்கொடுப்பவராக அவர் பெயரையும் சேர்த்துப் பத்திரம் அடித்தோம். பதிவுக்குக் காலை 11 மணி டோக்கன்.

பத்து மணிக்கு அவர் கையில் பத்திரத்தைக் கொடுத்து, "பாட்டி, வாசிச்சுச் சொல்லட்டா?" என்று கேட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சொத்து விவரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"தெக்க இருக்க வயலுக்குத் தண்ணி இந்தத் தோப்புக்குள்ள கூடித்தான் போவும். அத எழுதலியே?"

புல வரைபடத்தில் வாய்க்கால் இல்லை. நான் இரண்டு தடவை நிலத்துக்குப் போயிருந்தேன். கோடை, வாய்க்கால் தூர்ந்து சருகு மூடிக் கிடந்திருக்கிறது. அண்ணன் தம்பிகளிடம் கேட்டேன். மூத்தவர், "ஆமா சார், தெக்கு வயக்காரங்க எப்பவும் அதுலதான் பாச்சுவாங்க. தாத்தா காலத்துல இருந்து" என்றார். இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் நடந்த பாத்தியம். வாங்குகிறவர் அதன் மேல் சுவர் எடுத்திருந்தால் மறு வாரமே வழக்கு வந்திருக்கும்.

டோக்கனை ரத்து செய்துவிட்டு எல்லோரும் தோப்புக்குப் போனோம். பாட்டி காரை விட்டு இறங்கி, மூன்றாவது வரிசைத் தென்னைக்குப் பக்கத்தில் சருகைக் காலால் ஒதுக்கிக் காட்டினார். நான் லண்டனுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"எவ்ளோ அகலம் இருக்கும், அண்ணாச்சி? வீட்ட அதுக்குத் தக்கன தள்ளிக் கட்டிக்கிடலாமா?"

போனைப் பாட்டியிடம் கொடுத்தேன்.

"ரெண்டு மொழம் இருக்கும்யா. கெழக்கால தள்ளிக் கட்டு. மேக்க கட்டினா ஆடியில காத்து கதவ அடிக்கும்."

அடுத்த வாரத்துக்கு டோக்கன் போட்டோம். சொத்து விவரத்தில், தென்புற வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் பாத்தியத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி கூடியது. சர்வேயர் அளந்தபோது அகலம் மூன்று அடி இருந்தது.